பீரங்கிக்குப் பின்னால் ஒரு சிறிய அறை

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உள்ள சிலோசோ கோட்டைக்குப் போகிறவர்கள் பீரங்கியின் வாயைத்தான் முதலில் பார்க்கிறார்கள். குழந்தையைத் தூக்கிக் குழலின் மேல் உட்கார வைத்துப் படம் எடுக்கிறார்கள். 1988-இல், திருமணத்துக்கு முன்பு, என் மனைவியோடு முதல் முறை அங்கே போனபோது நானும் அப்படித்தான் நின்று படம் எடுத்துக்கொண்டேன். இப்போது அறுபதைத் தொட்டுவிட்டேன். செந்தோசாவுக்குப் போனால் மேற்கு முனையில் உள்ள அந்தக் குன்றில் ஏறி, பீரங்கியைச் சுற்றிக்கொண்டு நேராக மேடைக்குப் பின்பக்கம் போகிறேன். அங்கே சில படிகள் இறங்கினால் மண்மேட்டுக்குள் செருகி வைத்ததுபோலக் கான்கிரீட் அறைகள். தாழ்ந்த வாசல், குளிர்ந்த சுவர், பச்சை படர்ந்த நிலைப்படி. சன்னல் கிடையாது.

இந்த அறைகளில் பெரும்பாலானவை குண்டுக்கும் வெடிமருந்துக்கும் கட்டியவை. ஒருசில மட்டும் மனிதர்களுக்கானவை. பீரங்கிக் குழுவினர் அழைப்பு வரும்வரை உட்கார்ந்திருக்கவும், எதிரியின் குண்டு விழும்போது ஒதுங்கவும், இரவில் முறைவைத்துக் கண்ணயரவும் கட்டிய இடம். ஆங்கிலத்தில் அதற்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பெயர் இருந்திருக்கிறது. நான் அதை ஒதுங்கறை என்று எழுதுகிறேன்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு ஈடுபாடு என்று வீட்டில் கேட்பார்கள். இரண்டு காரணங்கள். 1984-இல் கட்டாயப் படைப்பணியான தேசிய சேவைக்குப் போனபோது என்னைப் பீரங்கிப் படையில் போட்டார்கள். 155 மில்லிமீட்டர் வாயகலமுள்ள பீரங்கி ஒன்றின் குழுவில் குண்டு தூக்குகிறவனாக இருந்தேன். இரண்டரை ஆண்டில் அந்தப் பீரங்கி சுட்ட நேரத்தையெல்லாம் சேர்த்தால் ஒரு பகல் தேறுமா என்பது சந்தேகம். மற்ற நேரமெல்லாம் அதன் அருகே காத்திருந்தோம். தார்ப்பாயின் கீழே, மழையில், பூட்ஸைக் கழற்றாமல், ஒருவர் தோளில் மற்றவர் தலை சாய்த்து. பீரங்கிக்காரனின் வாழ்க்கை என்பது பெரும்பாலும் காத்திருப்பதுதான் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

இரண்டாவது காரணம் என் தொழில். படையிலிருந்து வந்த பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் நிலத்தடித் தளங்களில் நீர்க்கசிவு தடுக்கும் வேலை பார்த்தேன். ஒரு சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா, உப்பு எங்கே பூத்திருக்கிறது, தரைக்கு எந்தப் பக்கம் வாட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் என்னால் எந்த அறைக்குள்ளும் நுழைய முடியாது. மண்ணுக்குள் அறை கட்டுகிறவனுக்கு முதல் எதிரி தண்ணீர். அதிலும் சிங்கப்பூர் மழை.

சிலோசோவைக் கட்டத் தொடங்கியது 1870-களின் இறுதியில். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபிறகு ஐரோப்பாவிலிருந்து சீனாவுக்குப் போகும் நீராவிக் கப்பல்களுக்குச் சிங்கப்பூர் பெரிய நிலக்கரி நிலையமாகிவிட்டது. நிலக்கரியையும் துறைமுகத்தையும் காக்க, தீவின் குன்றுகளின் உச்சியைச் சமன்படுத்திப் பீரங்கி வைத்தார்கள். அப்போது செந்தோசாவின் பெயர் புலாவ் பிளாகாங் மாத்தி. மலாய்ச் சொற்களை அப்படியே பிரித்தால் 'பின்னால் இறப்பு' என்று வரும். 1972-இல்தான் அமைதியைக் குறிக்கும் இன்றைய பெயரைச் சூட்டினார்கள். துறைமுகத்தின் மேற்கு வாயிலில் ஒரு கரையில் சிலோசோ, எதிர்க்கரையில் லாப்ரடோர் பீரங்கி நிலை. நடுவே ஒடுங்கிய நீர்வழி. லாப்ரடோர் பூங்காவில் நின்று பார்த்தால் சிலோசோ குன்று கைநீட்டினால் எட்டும்போல இருக்கும்.

முதலில் வைத்தவை 7 அங்குலப் பீரங்கிகள். வாய்வழியாக மருந்தும் குண்டும் திணிக்க வேண்டிய பழைய வகை. இந்த வகைப் பீரங்கிக்கு மருந்து ஊட்ட வேண்டுமானால் ஆட்கள் குழலின் முன்பக்கம், அதாவது எதிரியின் பக்கம், போயாக வேண்டும். அதனால் முகப்புச் சுவரின் உட்புறத்தில் சிறுசிறு மாடங்களை விட்டுக் கட்டினார்கள். குண்டுக்கு ஒரு மாடம், துடைப்பக்கோலுக்கு ஒரு மாடம். மனிதனுக்கு? அவன் அந்தச் சுவரோடு ஒட்டி உட்கார வேண்டியதுதான்.

அதே காலத்து மருந்தறையைப் பாருங்கள். வெடிமருந்து ஈரத்தைப் பொறுக்காது, தீப்பொறியையும் பொறுக்காது. அதனால் பிரிட்டிஷ் பொறியாளர்கள் மருந்தறைக்கு இரட்டைச் சுவர் வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி. வெளிச்சுவரில் ஏறும் ஓதம் உள்சுவருக்குத் தாண்டாது. விளக்கை மருந்து இருக்கும் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் பக்கத்தில் தனியாக ஒரு குறுகிய நடைவழி. அதன் வழியே வந்து சுவரில் உள்ள மாடத்தில் விளக்கை வைப்பார்கள். தடித்த கண்ணாடி வழியாக ஒளி மட்டும் உள்ளே போகும். அறைக்குள் போகிறவன் முன்கூடத்தில் தன் உடையையும் ஆணி அடித்த காலணியையும் கழற்றிவிட்டு, உலோகம் எதுவும் இல்லாத உடையும் மெல்லிய செருப்பும் அணிந்து, ஒரு தடுப்புப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். கோயிலுக்குள் போவதைப் போல.

தொழில்காரனாகச் சொல்கிறேன், அந்த இரட்டைச் சுவர் முதல்தரமான வேலை. இன்றைக்கு ரசாயனப் பூச்சும் ரப்பர் விரிப்பும் வைத்துச் செய்வதை அவர்கள் வெறும் காற்றை வைத்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒதுங்கறைக்கு வந்தால் பெரும்பாலும் ஒற்றைச் சுவர். பின்னால் மண் சாய்ந்திருக்கும். நூற்றிருபது மழைக்காலம் கண்ட சுவரில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். மருந்து நனைந்தால் பீரங்கி சுடாது. மனிதன் நனைந்தால் தும்மிக்கொண்டே சுடுவான். பொறியாளர்கள் கல்நெஞ்சர்கள் என்று நான் நினைக்கவில்லை. கொடுத்த பணத்துக்குள் எதற்கு முதலிடம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவு சுவரிலேயே தெரிகிறது. அதை வாசிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

ஒதுங்கறைக்கு மதிப்பு கூடியது, நீருக்குள் பாயும் வெடிகுண்டை ஏவும் டார்பிடோ படகுகள் வந்தபிறகுதான். பெரிய போர்க்கப்பல் வருகிறது என்றால் புகை தெரியும். குன்றுக்கு மேலே உள்ள முகாமிலிருந்து ஆட்கள் ஓடி வந்து பீரங்கிக்கு மருந்து ஏற்றுவதற்கு நேரம் கிடைக்கும். சிறிய, வேகமான டார்பிடோ படகு இரவில் விளக்கு இல்லாமல் வரும். அதைக் கண்ட சில நிமிடங்களுக்குள் சுட வேண்டும். அதற்காகத்தான் விரைவாகச் சுடும் சிறு பீரங்கிகளும், கடலைத் துழாவும் தேடுவிளக்குகளும் வந்தன. பீரங்கி விரைவாகச் சுட்டு என்ன பயன், ஆட்கள் அரை மைலுக்கு அப்பால் கட்டிலில் படுத்திருந்தால்? இப்படித்தான் கடற்கரைக் கோட்டைகளில் பீரங்கிக்குப் பின்னாலேயே ஆட்கள் உறங்க வேண்டிய நிலை வந்தது. படுக்கையைப் பீரங்கிக்கு அருகே கொண்டுவந்தது எதிரியின் வேகம்.

தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க எம்டன் ஒன்றே போதும். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னைக்கு முன்னால் வந்து நின்று எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு இருட்டில் மறைந்துவிட்டது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன, ஆனால் கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதம் 28-ஆம் தேதி விடியற்காலையில் அதே கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து ரஷ்யாவின் செம்சுக் என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இருப்பது இந்தத் திடீர்த்தன்மைதான். எம்டன் மாதிரி ஒன்று வந்தால் சட்டை மாட்டிக்கொள்ளக்கூட நேரம் இருக்காது. ஒதுங்கறையில் இருந்தவர்கள் சட்டையோடும் காலணியோடும்தான் படுத்திருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் படுத்தோம்.

இனி வெப்பத்தைச் சொல்ல வேண்டும். இந்த அறைகளின் வடிவம் இங்கிலாந்தின் கடற்கரையில் பிறந்தது. குளிர்காற்றையும் சாரலையும் தடுக்க நினைத்த வடிவம். அதைப் பூமத்தியரேகைக்கு ஒன்றேகால் டிகிரி தள்ளி மண்ணுக்குள் புதைத்தால் என்ன ஆகும்? பகலில் வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே நுழைந்தால் முதல் ஐந்து நிமிடம் குளுமையாக இருக்கும். பிறகு மூச்சுவிடும் ஈரமே சுவரில் வியர்க்கத் தொடங்கும். ஒருமுறை பிற்பகலில் கதவில்லாத அந்த அறைக்குள் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்தது நான் ஒருவன் மட்டுமே. ஒரு குழு முழுவதும், கதவைச் சாத்திக்கொண்டு, எண்ணெய் விளக்கை ஏற்றிக்கொண்டு இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

இன்னொன்று கொசு. கோட்டை கட்டிய நாளில் மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் மருத்துவர்களே நம்பினார்கள். அந்தப் பெயருக்கே அதுதான் பொருள். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல். அதற்குள் சிலோசோ கட்டி ஏறக்குறைய இருபது ஆண்டு ஆகிவிட்டது. குன்றைக் குடைந்து, வடிகால் வெட்டி, மழைநீர் தேங்கும் குழிகளை உண்டாக்கி, அவற்றின் நடுவே மனிதர்களைப் படுக்க வைத்தார்கள். காற்றுக்காக விட்ட துவாரம் கொசுவுக்கு வாசலானது. தெரியாமல் செய்த பிழைதான். ஆனால் காய்ச்சலில் கிடந்தவனுக்கு அதில் என்ன ஆறுதல்?

கிடந்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே பணியாற்றியவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹாங்காங் சிங்கப்பூர் ராயல் பீரங்கிப் படை என்று ஒன்று இருந்தது. பீரங்கி லஸ்கர்கள் என்ற 19-ஆம் நூற்றாண்டின் இந்தியத் துணைவீரர்களிலிருந்து வளர்ந்த படை. அதிகாரிகள் பிரிட்டிஷார், பீரங்கி வீரர்களில் பெரும்பாலோர் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்களும் முஸ்லிம்களும். கோதுமை வயலிலிருந்து வந்தவர்கள் இந்தக் கடலோரப் புழுக்கத்தில் தலைப்பாகையோடு பீரங்கிக்குக் காவல் இருந்தார்கள். சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, இந்தியப் போர்க்கைதிகளை ஃபேரர் பார்க் திடலில் தனியாகக் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கே தொடங்குகிறது. அந்தத் திடலில் நின்றவர்களில் கடற்கரைப் பீரங்கிகளோடு ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது, அந்தத் திடல் வழியாகப் போகும் என் கால் ஒரு நொடி தயங்குகிறது.

1930-களில் சிலோசோவுக்கு 6 அங்குலப் பீரங்கிகள் வந்தன. பின்பக்கத்திலிருந்து மருந்து ஏற்றும் வகை. குண்டு ஒன்று 100 பவுண்டு, அதாவது 45 கிலோ. மருந்து தனிப்பையில். நான் தூக்கிய குண்டும் ஏறக்குறைய அதே எடைதான், அதனால் இதைப் படிக்கும்போதே என் இடுப்பு பேசுகிறது. எதிர்க்கரையில் லாப்ரடோரிலும் இரண்டு 6 அங்குலப் பீரங்கிகள். கிழக்கே சாங்கியில் மூன்று 15 அங்குல ராட்சதர்கள். சாங்கியின் மருந்துச் சுரங்கம் 1991-இலும் லாப்ரடோர் சுரங்கம் 2001-இலும்தான் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டன. அத்தனை ஆண்டு காட்டுக்குள் மூடிக் கிடந்திருக்கின்றன.

இந்தக் காலத்தில் ஒதுங்கறையின் பொருளே மாறிவிட்டது. அதுவரை ஆபத்து கடலிலிருந்து, முன்பக்கமிருந்து வந்தது. முகப்புச் சுவரும் மண்மேடும் போதுமாக இருந்தன. விமானம் வந்தபிறகு ஆபத்து தலைக்கு மேலே வந்துவிட்டது. 1940-க்குப் பின் பிரிட்டனின் கரையோரங்களில் அவசரமாகக் கட்டிய பீரங்கி நிலைகளில் பீரங்கிக்கு மேலேயே கான்கிரீட் கூரை போடத் தொடங்கினார்கள். விஷவாயு பயத்தால் வாசலுக்குத் திரை, இரட்டைக் கதவு எல்லாம் வந்தன. சிங்கப்பூரில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 8 அதிகாலையில். அன்று முதல் பிப்ரவரி வரை இந்த அறைகள் ஓய்வெடுக்கும் இடமாக இருந்திருக்காது. உயிரைப் பிடித்துக்கொண்டு உட்காரும் இடமாகத்தான் இருந்திருக்கும்.

சிங்கப்பூரின் பீரங்கிகள் தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன என்று பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிக் கேட்டிருக்கிறோம். அது சரியில்லை. பல பீரங்கிகள் நிலத்தின் பக்கம் திரும்பிச் சுட்டன, சிலோசோவும் லாப்ரடோரும் உட்பட. சிக்கல் குண்டுகளில் இருந்தது. கையிருப்பில் பெரும்பாலானவை கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைக்கச் செய்தவை. சேற்றிலும் ரப்பர் தோட்டத்திலும் விழுந்தால் அவை மண்ணைத் துளைத்துப் புதைந்துபோகும். ஆனால் திரும்பிச் சுட்டபோது இன்னொன்றும் நடந்தது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பீரங்கி திரும்பலாம். ஒதுங்கறை திரும்ப முடியாது. கடலுக்கு முதுகு காட்டுவதற்காகக் கட்டிய வாசல், இப்போது எதிரி வரும் திசையைப் பார்த்துத் திறந்திருந்தது. வடக்கே பாசிர் பாஞ்சாங் மேட்டில் பிப்ரவரி 13, 14 தேதிகளில் மலாய்ப் படையினர் போராடிக்கொண்டிருந்தபோது, அந்த வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன்னால் சுவர் இல்லை. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்து திசையைப் பார்த்தபோது தெரிந்தது.

15-ஆம் தேதி சரணடைவு. அதற்கு முன் கடற்கரைப் பீரங்கிகளைக் குழுக்களே வெடிவைத்து உடைத்தார்கள். பிறகு வந்த வாரங்களில், ஜப்பானியர் கொன்று கடலில் விட்ட சீனர்களின் உடல்கள் இந்தத் தீவின் கரையில் ஒதுங்கின. சிறைக்குக் கொண்டுபோவதற்கு முன் இங்கே வைக்கப்பட்டிருந்த பிரிட்டிஷ் பீரங்கி வீரர்கள் அவற்றைப் புதைத்தார்கள். இன்று அந்தக் கரையில் மணல் வெள்ளையாக இருக்கிறது, பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அங்கே போகும்போது நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மகன் பிரான்சுக்கு அழைத்துப்போனான். நார்மண்டிக் கரையில் ஜெர்மானியர் கட்டிய குழு ஒதுங்கறை ஒன்றுக்குள் போனேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, வகைக்கு ஓர் எண். இரு அறைகள், அறைக்குப் பத்துப் பேர் வீதம் இருபது பேருக்கு. சுவரும் கூரையும் இரண்டு மீட்டர் கான்கிரீட். வாசலுக்கு எதிரே, உள்ளே வருகிறவனைச் சுடுவதற்கு ஒரு துளை. கையால் சுற்றும் காற்றுச் சக்கரம். சங்கிலியில் தொங்கும் மூன்றடுக்குப் படுக்கை. வாசல் இடிந்து மூடிக்கொண்டால் தப்பிக்க, செங்கல் அடைத்து மணல் நிரப்பிய ஒரு குழல். செங்கலைத் தட்டி எடுத்தால் மணல் உள்ளே கொட்டும், குழல் காலியாகும், ஏறி வெளியே போகலாம். அந்த யோசனையைப் பார்த்து வியந்து நின்றேன். சிலோசோவின் அறையில் உள்ளே இருப்பவனுக்காக இவ்வளவு நினைத்திருந்தால் என்று தோன்றியது. வெளியே வந்தபோது பலகை அச்சு பதிந்த அந்தச் சுவரைத் தடவினேன். இந்தக் கான்கிரீட்டைப் போட்டவர்களில் பலர் கட்டாய உழைப்புக்குப் பிடித்துவரப்பட்டவர்கள் என்பது நினைவுக்கு வந்தது. அவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள்? கையை எடுத்துக்கொண்டேன்.

பிரிட்டன் 1956-இல் கடற்கரைப் பீரங்கிப் படையையே கலைத்துவிட்டது. ஏவுகணைக் காலத்தில் அது தேவையில்லை என்றார்கள். தீவின் முகாம் கட்டடங்கள் சில இன்று தங்கும் விடுதிகளாகிவிட்டன. சிலோசோ 1970-களில் அருங்காட்சியகமானது, சரணடைவின் 80-ஆம் ஆண்டு நினைவான 2022 பிப்ரவரியில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சொல்லத் தெரியாத மகிழ்ச்சி. இனி அந்தச் சுவர்களை யாரும் இடிக்க முடியாது.

போன மாதம் என் பழைய குழுத் தோழர் ஒருவரை அழைத்துப்போனேன். மலாய்க்காரர், எங்கள் பீரங்கிக்கு மருந்துப் பை கொண்டுவந்தவர். முழங்கால் வலியால் மின்தூக்கியில் ஏறி உயரப் பாலம் வழியாக மெதுவாக வந்தார். பீரங்கியைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். மழை பிடித்துக்கொண்டது. இருவரும் படி இறங்கி அறைக்குள் ஒதுங்கினோம். அவர் ஒன்றும் யோசிக்காமல் உள்ளே போய்ப் பின்சுவரோரம், இடப்பக்க மூலையில் உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டார். தார்ப்பாயின் கீழே அவருடைய இடம் அதுதான். வாசலோரம் குழுத்தலைவருக்கு. நடுவில் குண்டு தூக்குகிறவர்களுக்கு. நான் வாசல் பக்கத்தை விட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தேன். மழை விட ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று.